இத்தாலியத் தக்காளி சாஸ்: குறிப்பில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே இத்தாலியத் தக்காளி சாஸ் செய்வது பற்றி ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது. எங்கள் பக்கத்துக்கு மிகவும் வேண்டிய விஷயம் அது. மலைக்கு மேலே ஆந்திரத்தில் இருக்கும் பலமநேர், வி.கோட்டா, புங்கனூர் சந்தைகளில் விலை படுத்துவிட்டால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பேரணாம்பட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்ற அதே பழம் செப்டம்பரில் கேட்பாரற்றுப் போனது. மலிந்த மாதத்துத் தக்காளியை மலியாத மாதத்துக்கு எடுத்துவைக்க இத்தாலியர் கையாளும் முறையைப் போல எளிமையானது வேறு இல்லை. அதனால்தான் அந்தக் குறிப்பில் இருந்த தவறுகள் எங்களுக்கு உறுத்துகின்றன.

தக்காளிப் பழத்தை வேகவைக்காமல் பச்சையாகவே மிக்ஸியில் அரைக்கச் சொல்லியிருந்தார்கள். கெட்டியாவதற்குச் சோள மாவும், புளிப்பு தெரியாமல் இருக்க அரைக் கப் சர்க்கரையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். கடைசியில், சூடு ஆறியபின் கழுவிய பாட்டிலில் ஊற்றி ஆறு மாதம் வெளியிலேயே வைக்கலாம் என்று முடித்திருந்தார்கள். முதல் இரண்டும் ருசியைக் கெடுப்பவை. மூன்றாவது உயிருக்கே ஆபத்தானது. அந்த ஒரு வரிக்காவது திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். மற்றவற்றையும் சேர்த்து முறையை முழுதாகக் கீழே எழுதுகிறோம்.

முதலில் செய்யப்போவது எது என்று தெளிவாக இருக்க வேண்டும். சர்க்கரையும் வினிகரும் கலந்து கடையில் விற்கும் சிவப்புக் குழம்பு கெச்சப் வகை. இத்தாலியில் வீட்டுக்கு வீடு ஆகஸ்ட் மாதம் செய்து அடுக்குவது பஸாட்டா. தோலும் விதையும் நீக்கிய தக்காளிச் சாறு, அவ்வளவுதான். பூண்டு, எண்ணெய், பேசில் என்ற வாசனை இலை எல்லாம் அன்றன்று அந்தச் சாற்றைத் திறந்து சமைக்கும்போது சேர்ப்பவை. அப்படிச் சமைத்ததற்கு சூகோ என்று பெயர். இந்த இரண்டு வேலையையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

பழத்திலிருந்து தொடங்குவோம். இத்தாலியர் கொண்டாடும் சான் மர்ஸானோ தக்காளி நேப்பிள்ஸுக்கும் சலேர்னோவுக்கும் இடையே, சார்னோ ஆற்றுச் சமவெளியில், வெசுவியஸ் எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் விளைவது. 1996-இல் அதற்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. நீளமாக இருக்கும், உள்ளே இரண்டே அறைகள், சதை தடிப்பு, விதையும் தண்ணீரும் குறைவு. அந்த விதை நம் பக்கம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெங்களூர்த் தக்காளி என்று நாம் சொல்லும் முட்டை வடிவ ஒட்டு ரகங்கள் சதைப்பற்றில் அதற்குப் பக்கத்தில் வருபவைதான். அவற்றில் குறைவது புளிப்பும் வாசனையும். நாட்டுத் தக்காளியில் அவை இரண்டும் உண்டு, ஆனால் தண்ணீர் அதிகம். எனவே நான்கு பங்கு பெங்களூர்த் தக்காளிக்கு ஒரு பங்கு நாட்டுத் தக்காளி என்ற கலவையே சரியாக வரும் என்பது எங்கள் முடிவு. நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் விறகும் கேஸும் தீரும், சாறு வற்றாது.

லாரிக்கு ஏற்றப் பறிக்கும் பழம் பாதிதான் பழுத்திருக்கும். வாங்கிய அன்றே அடுப்பில் ஏற்றக் கூடாது. நிழலில் கோணிப்பை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு மூன்று நாள் பரப்பி வைத்தால் காம்பைச் சுற்றிய பகுதி வரை சிவக்கும். அழுத்தினால் லேசாக இறங்க வேண்டும், காம்படியில் மணம் வர வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும், திரும்ப வராது. சித்திரை, வைகாசியில் வரும் பழம் எவ்வளவு பழுத்தாலும் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 30 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி சரியாக உருவாகாது என்பதே காரணம். அந்த மாதங்களில் சாஸ் போடுவதைத் தவிர்த்து, மழைக்குப் பிந்திய பழத்துக்குக் காத்திருப்பது மேல்.

அடிபட்ட பழத்தை அந்த இடத்தை மட்டும் அரிந்துவிட்டுப் பயன்படுத்தலாம். பூசணம் பிடித்த பழத்தை முழுதாக ஒதுக்கிவிட வேண்டும். பூசணம் பழத்தின் அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைத்துவிடும். பாட்டிலில் அடைக்கும் சாற்றுக்குப் புளிப்புதான் காவல். மலிவாகக் கிடைக்கிறதே என்று கழிவுப் பழத்தை அள்ளிவந்து சாஸ் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி அடுப்பு வேலை. 5 கிலோ பழத்துக்குச் சொல்கிறோம். நன்றாகக் கழுவி, காம்படியை அரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அனைத்தையும் நறுக்கிக் குவித்துவிட்டுப் பிறகு அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. கத்தி பட்டவுடன் தக்காளிக்குள் இருக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். சாற்றைக் கெட்டியாக வைத்திருப்பது பெக்டின். அதை அவை துண்டு துண்டாக்கிவிடும். அதன்பின் என்ன வற்றவைத்தாலும் தட்டில் ஊற்றினால் சிவப்புச் சதை ஒருபக்கமும் தெளிந்த தண்ணீர் ஒருபக்கமுமாகப் பிரியும். மிக்ஸியில் பச்சையாக அரைத்த சாறு நீர்த்துப்போவதும், அதைச் சரிக்கட்டச் சோள மாவு தேவைப்படுவதும் இதனால்தான். 80 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அந்த நொதிகள் செயலிழக்கும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் சூடாக்குகிறோமோ அவ்வளவு கெட்டி.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தை முதலில் அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். முதலில் அரைக் கிலோ பழத்தை மட்டும் நான்காக நறுக்கி உடனே போட்டு, பெரிய தீயில் பருப்பு மத்தால் மசியுங்கள். சாறு விட்டுக் கொதி வந்ததும் அடுத்த பிடியை நறுக்கிப் போடுங்கள். கொதி அடங்காதபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஒருவர் நறுக்க, ஒருவர் கிளறினால் இந்த வேலை சுளுவாக முடியும். எல்லாம் சேர்ந்தபின் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

அலுமினியச் சட்டி, இரும்பு வாணலி, ஈயம் பூசாத பித்தளை ஆகிய மூன்றும் ஆகாது. அமிலம் உலோகத்தைக் கரைத்துச் சாற்றில் கசப்பான உலோக வாடையைச் சேர்க்கும், நிறமும் மங்கும். பழகிய மண்சட்டியில் செய்யலாம். ஆனால் நேற்றுவரை கருவாட்டுக் குழம்பு வைத்த சட்டியாக இருந்தால் அந்த மணம் சாஸிலும் வரும்.

வெந்த பழத்தைத் துளையுள்ள வடிதட்டில் பத்து நிமிடம் வைத்தால் தெளிந்த தண்ணீர் கொஞ்சம் தானாக இறங்கும். அதை எடுத்துவிட்டால் வற்றவைக்கும் நேரம் நன்றாகக் குறையும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அன்றைய ரசத்துக்கு அதைவிட நல்ல நீர் கிடையாது.

அடுத்தது சலிப்பது. இத்தாலியில் இதற்கென்றே கைப்பிடி சுற்றும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சாறு வழியும், இன்னொரு பக்கம் தோலும் விதையும் தள்ளும். நமக்கு ரவை சலிக்கும் எவர்சில்வர் சல்லடையும் குழிக்கரண்டியும் போதும். மாவுச் சல்லடையின் கண் மிகவும் சிறியது, சதையே இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியின் முதுகால் வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான சாறு கட்டாயம் இறங்க வேண்டும். தக்காளியின் ருசியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. விதையை முன்கூட்டியே பிழிந்து எறியச் சொல்லும் குறிப்புகள் இந்த ருசியையும் சேர்த்தே எறிகின்றன.

சல்லடையில் தங்கிய தோலை ஒருமுறை தேய்த்ததோடு விட்டுவிடக் கூடாது. அதையே கரண்டி சாற்றோடு கலந்து இரண்டாம் முறையும் தேய்த்தால் தோலின் உட்பக்கம் ஒட்டியிருந்த சதை வரும். முதல் முறை வந்ததைவிட இது கெட்டியாகவும் அடர்சிவப்பாகவும் இருக்கும், கரண்டியில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். மிஞ்சிய தோலை வெயிலில் சருகாகக் காயவைத்துப் பொடித்தால் குழம்புக்கு ஆகும்.

வெந்த பழத்தை மிக்ஸியில் அரைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு கேடு. விதை உடைந்து கசப்பு இறங்கும். காற்று கலந்து நுரைத்து, சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகும். சல்லடைக்கு அரைமணி நேரம் கூடுதலாகும், கை வலிக்கும். ஆனாலும் இந்த இடத்தில் குறுக்குவழி கிடையாது.

சலித்த சாற்றை வாயகன்ற பாத்திரத்தில் மறுபடி ஏற்றுங்கள். குறுகிய வாய் ஆழப் பாத்திரத்தில் நீர் வற்ற வெகுநேரம் ஆகும், அதற்குள் பழ மணம் போய் வெந்த வாடை வந்துவிடும். நடுத்தரத் தீ, மரக்கரண்டி, அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். கெட்டியாக ஆக வெடித்துத் தெறிக்கும், பாதி மூடிக்கொள்ளலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 5 கிலோ பழம் 2 லிட்டர் அளவுக்கு வந்து நிற்கும். பதம் பார்க்க, ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டுச் சற்றுப் பொறுங்கள். ஓரத்தில் தண்ணீர் வளையம் கசியாமல் இருந்தால் இறக்கலாம். வளையம் இருந்தால் இன்னும் பத்து நிமிடம். அடி பிடித்துவிட்டால் சுரண்டிக் கலக்கவே கூடாது. மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அடியைத் தியாகம் செய்துவிட வேண்டும்.

இனி பாட்டிலில் அடைப்பது. மேலே சொன்னவற்றில் எதையாவது விட்டாலும் சாஸ் கொஞ்சம் மட்டமாக வரும், அவ்வளவுதான். இங்கே விடக் கூடாது.

காற்றுப் புகாத பாட்டிலுக்குள், புளிப்புக் குறைந்த உணவில், கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் வளரும். அதன் விதைத்துகள்கள் மண்ணிலேயே இருப்பவை, தண்ணீர் கொதிக்கும் சூட்டில் சாகாதவை. வளர்ந்தால் அது விடும் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். வாடையோ நிறமாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. தக்காளி அந்தக் கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் பழம். ரகம், பழுத்த அளவு இவற்றைப் பொறுத்துச் சில 4.3 இருக்கும், சில 4.6-ஐத் தாண்டும். புளிப்புக் குறைந்த, நன்கு கனிந்த ஒட்டு ரகங்களை நம்பி வெறும் சாற்றை அடைப்பது சூதாட்டம்.

ஆகவே ஒவ்வொரு பாட்டிலிலும் தனித்தனியாக அமிலம் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு, அரை லிட்டருக்குக் கால் தேக்கரண்டி. சிட்ரிக் ஆசிட் என்றும் சொல்வார்கள், மளிகைக் கடையில் கிடைக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்பதால் அளவு நிச்சயமில்லை. பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலப்பதைவிட, காலிப் பாட்டிலில் முதலில் இதைப் போட்டுவிட்டுச் சாற்றை ஊற்றுவது பத்திரம், எந்தப் பாட்டிலும் விடுபடாது. சமைக்கும்போது புளிப்புத் தூக்கலாகத் தெரிந்தால் அன்றைக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக்கொள்ளலாம். புளிப்பைப் போக்க ஆப்ப சோடா சேர்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அடைக்கும் சாற்றில் அதைச் சேர்ப்பது காவலை நாமே அவிழ்த்துவிடுவதாகும்.

பாட்டில் கண்ணாடியாக இருக்க வேண்டும். மூடி உலோகத்தில், உள்பக்கம் ரப்பர் பூச்சோடு, புதிதாக இருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டில்களுக்கு இத்தகைய மூடிகள் தனியாகவே விற்கின்றன. பிளாஸ்டிக் மூடி காற்றைத் தடுக்காது. பாட்டில்களைச் சுடுநீரில் வைத்திருந்து எடுத்து, சாறு கொதிக்கும் சூட்டிலேயே ஊற்றுங்கள். குளிர்ந்த பாட்டிலில் சூடான சாறு விட்டால் விரிசல் விடும். மேலே அரை அங்குலம் இடம் விட வேண்டும். மெல்லிய கத்தியை உள்ளே விட்டுச் சுற்றினால் சிக்கிய காற்றுக் குமிழ் வெளியேறும். வாய் விளிம்பில் ஒரு துளி சாறு ஒட்டியிருந்தாலும் மூடி சரியாகப் பிடிக்காது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள்.

பிறகு பெரிய தவலையின் அடியில் பழந்துணியோ கோணியோ போட்டு, பாட்டில்களுக்கு நடுவிலும் துணி சுற்றி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி சுடுநீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். தெற்கு இத்தாலியில் தகர டிரம்மில் விறகு எரித்து இதைத்தான் செய்கிறார்கள், அவர்களும் பழந்துணிதான் சுற்றுகிறார்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

எல்லைப் பக்கத்து வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைக்குக் கீழே, ஆயிரம் அடிக்குள் இருக்கும் ஊர்களில் அரை லிட்டர் பாட்டிலுக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 40 நிமிடம் போதும். பலமநேர், மதனப்பள்ளி, குப்பம் எல்லாம் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல் இருப்பவை. அங்கே தண்ணீர் 98 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், நூறு வரை ஏறாது. அதனால் ஐந்து நிமிடம் கூட்டி 40, 45 நிமிடம் வைக்க வேண்டும். ஓசூர்ப் பக்கமும் அப்படியே. குடியாத்தத்தில் இருக்கும் அக்கா சொன்ன நேரத்தை வி.கோட்டாவில் இருக்கும் தங்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊரின் உயரம் தெரியாதவர்கள் கூடுதல் நேரத்தையே பின்பற்றட்டும், கெடுதல் இல்லை.

குக்கரில் இத்தனை விசில் என்று கணக்குச் சொல்வதும், சூடாக ஊற்றிப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும் என்பதும் இதற்கு மாற்றாகாது. கவிழ்த்தால் மூடி ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் பூசணத்துக்கு ஒன்றும் ஆகாது.

நேரம் முடிந்ததும் தீயை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, பாட்டில்களை நிமிர்ந்தபடியே எடுத்து, காற்றடிக்காத இடத்தில் துணிமேல் வையுங்கள். ஈரத்தரையிலோ சிமெண்டுத் திண்ணையிலோ வைத்தால் உடையும். மறுநாள் மூடியின் நடு குழிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் மேலும் கீழும் அசையும் மூடி பிடிக்கவில்லை என்று பொருள். அந்தப் பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். சரியாகப் பிடித்தவை இருட்டான அலமாரியில் ஒரு வருடம் இருக்கும். திறக்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, நுரைத்துச் சீறினாலோ, பூசணம் கண்டாலோ நாக்கில் வைத்துப் பார்க்காமல், ஆடுமாடு வாய் வைக்காதபடி புதைத்துவிடுங்கள். வீணாகிறதே என்று கொதிக்கவைத்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம்.

பூண்டு, வெங்காயம், எண்ணெய், மிளகாய் எதுவும் அடைக்கும் சாற்றில் சேரக் கூடாது. மேலே சொன்ன நேரமெல்லாம் வெறும் தக்காளிக்கு மட்டுமே பொருந்தும். பூண்டுக்குப் புளிப்பே இல்லை, எண்ணெய்க்குள் காற்று இல்லை. அந்த நுண்ணுயிருக்கு வேண்டிய இரண்டும் அங்கே சேர்ந்துவிடும். இத்தாலியப் பாட்டிமார் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பேசில் இலை போடுவது வழக்கம். சமைக்கும்போது போட்டாலும் அதே மணம்தான், நாம் அப்படியே செய்யலாம்.

மகளிர் குழுக்கள் இதை விற்பனைக்குச் செய்ய விரும்பினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதோடு, ஒவ்வொரு முறை செய்யும்போதும் பி.எச். அளவு பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் தக்காளி மதிப்புக்கூட்டுப் பயிற்சி நடக்கும்போது, ஜாம், ஊறுகாய் வரிசையில் இந்தச் சாற்றையும் பி.எச். அளவியோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

இனி சமைக்கும் பகுதி, இது அரைமணி நேர வேலைதான். நான்கு பேருக்கு 400 கிராம் பாஸ்தா, அரை லிட்டர் சாறு, நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், மூன்று பெரிய பூண்டுப் பல். மலைப்பூண்டாக இருந்தால் இரண்டு போதும், காரம் அதிகம். பூண்டை நசுக்கி, சூடேறாத எண்ணெயிலேயே போட்டு, சிறு தீயில் வைக்க வேண்டும். தாளிக்கும் பழக்கத்தில் எண்ணெயைக் காயவைத்துப் பூண்டைப் போட்டால் அரை நிமிடத்தில் சிவந்து கசந்துவிடும். அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது, எண்ணெயையே மாற்ற வேண்டியதுதான். ஓரம் லேசாகப் பொன்னிறம் தட்டியதும் சாற்றை ஊற்றி, முக்கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, பதினைந்து முதல் இருபது நிமிடம் சிறு தீயில் வைத்தால் ஓரத்தில் எண்ணெய் மினுங்கும். அதற்குமேல் வைத்தால் அது தொக்காகிவிடும்.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் தங்கள் மணத்தை முன்னே நிறுத்துபவை. ஆலிவ் எண்ணெய் வாங்க முடியாதவர்கள் இன்னொரு இத்தாலிய வழியைப் பின்பற்றலாம். பூண்டுக்குப் பதில் ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டிச் சாற்றில் போட்டு, 60 கிராம் வெண்ணெயோடு முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்து, வெங்காயத்தை எடுத்துவிடுவது. பால் மாடு உள்ள வீட்டில் வெண்ணெய்க்குக் குறைவில்லை, இது நம் பக்கத்துக்கு நன்றாகவே ஒத்துவரும்.

பேசில் இலைக்குத் துளசியைப் போடச் சொல்வது பரவலான தவறு. துளசியில் கிராம்பு வாடை உண்டு, சாஸ் கஷாயம் போலாகும். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் திருநீற்றுப் பச்சிலைதான் பேசில் இனம். சர்பத்தில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதையே. தொட்டியில் தூவினால் ஒரு வாரத்தில் முளைக்கும், ஆறேழு வாரத்தில் இலை பறிக்கலாம். இத்தாலிய ரகத்தைவிட இலை சிறியது, சோம்பு வாடை கொஞ்சம் தூக்கல். ஆகவே எட்டு இலைக்குப் பதில் நான்கைந்து போதும். அடுப்பை அணைத்தபின் கையால் கிள்ளிப் போட வேண்டும், கொதியில் போட்டால் கறுத்து மணம் போகும்.

மிளகாய் சேர்த்தால் இத்தாலியம் ஆகாது என்று நினைக்க வேண்டியதில்லை. தக்காளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பழம். நேப்பிள்ஸில் 1690-களில் அந்தோனியோ லத்தீனி எழுதிவைத்த ஆரம்பகாலத் தக்காளி சாஸ் முறையிலேயே மிளகாய் இருக்கிறது. ரோம் நகரத்து அராபியாத்தா என்ற தக்காளி சாஸ் இன்றும் மிளகாய்க் காரத்துக்குப் பெயர் போனது. ஆனால் தூளாகப் போட்டால் சாஸ் முழுக்க மிளகாய் நிறமும் மாவுத்தன்மையும் ஏறிவிடும். ஒரு குண்டூர் வரமிளகாயைக் கிள்ளி, பூண்டோடு எண்ணெயில் போட்டால் காரமும் மணமும் அளவாக இறங்கும்.

பாஸ்தாவுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. பொட்டலத்தில் டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், மைதாவில் செய்தது குழைந்துவிடும். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, சாஸ் இருக்கும் வாணலியிலேயே போட்டு, வடித்த தண்ணீரில் அரைக் கரண்டி விட்டுப் புரட்ட வேண்டும். அந்தக் கஞ்சிநீர்தான் எண்ணெயையும் சாற்றையும் பிரியாமல் பிடித்து மாவோடு ஒட்டவைக்கும். குளிர்ந்த நீரில் அலசினால் அந்த ஒட்டு போய்விடும், சாஸ் தட்டின் அடியில் தேங்கும்.

பாட்டில், தவலை, எலுமிச்சை உப்பு என்று இவ்வளவு ஏற்பாடு முடியாதவர்களுக்கு உறைகுளிர்ப் பெட்டி இருந்தால் போதும். வற்றவைத்த சாற்றை ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, டப்பாவில் விரிவதற்கு ஓரங்குலம் இடம் விட்டு உறையவைத்தால் ஆறு மாதம் தாங்கும். அதற்கு அமிலமும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். மின்தடை நீண்டு உருகிவிட்டால் அன்றே கொதிக்கவைத்துத் தீர்த்துவிடுங்கள், மறுபடி உறையவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு – வி.கோட்டா எல்லைப் பகுதி வாசகர்கள்